காது அடைக்கிறதா? மூக்கைக் கவனியுங்கள்!

சளி பிடித்த நாலாம் நாள் காது 'கும்'மென்று அடைத்துக்கொள்கிறது. எச்சில் விழுங்கினால் 'டப்' என்று திறந்து, மறு நிமிஷமே மூடிக்கொள்கிறது. நம் வீடுகளில் என்ன செய்வோம்? பூண்டு தட்டிப்போட்டு எண்ணெய் காய்ச்சிக் காதில் விடுவோம். சித்த மருத்துவனான நானே சொல்கிறேன், இந்த அடைப்புக்கு அது உதவாது. எண்ணெய் செவிப்பறையோடு நின்றுவிடும். கோளாறு அதற்குப் பின்னால் இருக்கிறது. பறையில் ஓட்டை இருந்தாலோ எண்ணெய் உள்ளே போய் வம்பாகிவிடும்.

செவிப்பறைக்குப் பின்னால் காற்று நிரம்பிய சின்ன அறை உண்டு. அதுதான் நடுக்காது. அங்கிருந்து மூக்கின் பின்புறத்துக்கு யூஸ்டேஷியன் குழாய் இறங்குகிறது. எப்போதும் மூடியிருக்கும் இந்தக் குழாய், விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் ஒரு நொடி திறந்து காற்றை உள்ளே விடும். நடுக்காதின் சவ்வோ அந்தக் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சளியில் குழாய் வீங்கி அடைத்தால் புதுக் காற்று வராது, உள்ளே அழுத்தம் குறையும். ஸ்ட்ரா போட்டு உறிஞ்சினால் ஜூஸ் பாக்கெட் ஒடுங்குகிறதே, அதுபோலச் செவிப்பறை உள்ளே இழுபடும். நாளானால் பின்னால் நீர் கோத்துக்கொள்ளும்.

"டாக்டர், கூப்பிட்டா திரும்பவே மாட்டேன்றான். டி.வி. சத்தத்தை ஏத்திக்கினே போறான்" என்றார் காத்திவாக்கத்திலிருந்து ஏழு வயசுப் பையனோடு வந்த அம்மா. திமிர் இல்லையம்மா, அவனுக்குக் கேட்கவில்லை! குழந்தைகளுக்கு இந்தக் குழாய் குட்டையாக, படுக்கைவாட்டில் இருக்கும். சுலபமாக அடைக்கும்.

எண்ணூர் அனல் மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டுவிட்டது. ஆனாலும் அந்தப் பக்கத்தில் லாரிப் புழுதிக்கும் புகைக்கும் குறைவில்லை. 2023 டிசம்பர் 26 இரவு பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்து ஜனங்கள் மூச்சுத்திணறி ஓடியது மறந்திருக்காது. இப்படிப்பட்ட காற்று முதலில் புண்படுத்துவது மூக்கு, தொண்டைச் சவ்வைத்தான். குழாயின் வாசல் அங்கேதானே இருக்கிறது? ஊர்க் காற்றை உடனே மாற்ற முடியாது. வீட்டுக்குள் பீடி, சிகரெட், கொசுவத்திப் புகையையாவது நிறுத்தலாம்.

பெரியவர்கள் நொச்சி இலை போட்டு வேது பிடிக்கலாம். மூக்கடைப்புக்கு இதமாக இருக்கும். குழந்தைகளைக் கொதிநீர்ப் பக்கமே விடாதீர்கள். அடிக்கடி விழுங்குவது, கொட்டாவி விடுவது நல்லது. மூக்கைப் பொத்திக்கொண்டு பலமாக ஊதக் கூடாது. சளி காதுக்குள் ஏறிவிடும். சளியோடு கடலில் முங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பாகிறது, பறை கிழியலாம்.

குழந்தைகளுக்குக் கோத்த நீர் பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தானே வற்றும். வற்றாவிட்டால் கேட்கும் திறனைச் சோதிக்க வேண்டும். உள்ளிழுபட்ட பறை குழிவிழுந்து, அதில் தோல் செதில் சேர்ந்து எலும்பை அரிப்பதும் உண்டு. நாற்றத்தோடு சீழ், தலைச்சுற்றல், முகம் கோணுதல் என்றால் என்னிடம் வராதீர்கள். நேரே ஸ்டான்லி ஆஸ்பத்திரி காது-மூக்கு-தொண்டைப் பிரிவுக்குப் போங்கள். சளியே இல்லாமல் ஒரு பக்கக் காது மட்டும் வாரக்கணக்கில் அடைத்திருக்கும் பெரியவர்களும் அங்கே போய் மூக்கின் பின்புறத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கே கட்டி இருந்தாலும் இப்படித்தான் அடைக்கும்.