மாட்டின் வயிறு காக்கும் சமையல் சோடா

தம்மம்பட்டிப் பகுதியில் மாட்டுப் பொங்கலன்று பசுவுக்குப் பொங்கலை வாரி ஊட்டுகிறோம். விருந்து முடிந்தால் மீந்த சோறு அண்டாவோடு தொழுவத்துக்கு வருகிறது. மரவள்ளி பிடுங்கும் காலத்தில் கிழங்கும் திப்பியும் அளவின்றிப் போடப்படுகின்றன. அன்பாகப் போட்டதுதான், மறுநாள் மாடு எழாமல் கிடப்பதற்கும் அதுவே காரணமாகிவிடுகிறது.

மாட்டின் பெருவயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வைக்கோலையும் புல்லையும் மெல்ல நொதிக்க வைக்கின்றன. மண் பரிசோதனையில் பார்க்கிறோமே, அந்தக் கார அமில நிலை அங்கே 6 முதல் 7 வரை இருக்கும். மாவுப்பொருள் ஒரேயடியாகச் சேர்ந்தால் லாக்டிக் அமிலம் பெருகி, அது 5-க்கும் கீழே இறங்கிவிடும். உடலின் நீர் வயிற்றுக்குள் இழுக்கப்படும். அசை போடுவது நின்றுபோகும். இடப்பக்கம் உப்பித் தண்ணீர் தளும்பும். சாணம் புளித்த நாற்றத்துடன் நீராகக் கழியும். பிறகு மாடு தள்ளாடிப் படுத்துவிடும்.

அசை நின்றவுடனேயே முதலுதவி செய்ய வேண்டும். ஏறத்தாழ 300 கிலோ எடையுள்ள பசுவுக்கு 100 முதல் 150 கிராம் சமையல் சோடாவை ஒரு லிட்டர் தண்ணீரில் நன்றாகக் கரைத்துக் கொடுக்கலாம். ஆப்ப சோடா என்பதும் இதுவே. சலவை சோடாவைக் கொடுக்கவே கூடாது. அது வாயையும் குடலையும் புண்ணாக்கும்.

கொடுக்கும் விதத்தில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். தலையை அண்ணாந்து தூக்கி, நாக்கைப் பிடித்திழுத்து ஊற்றினால் மருந்து நுரையீரலுக்குள் போய்விடும். தலையை மட்டமாகப் பிடித்து, கடைவாய் ஓரமாகச் சிறிது சிறிதாக விட வேண்டும். இருமினால் உடனே நிறுத்துங்கள். படுத்துவிட்ட மாட்டுக்கு வாய்வழியாக எதையும் ஊற்றாதீர்கள்.

இன்னொன்று மிக முக்கியம். யூரியா மூட்டையை நக்கியோ, உரம் கரைத்த நீரைக் குடித்தோ வயிறு உப்பியிருந்தால் சோடா ஆகாது. அங்கே காரம்தான் மிஞ்சியிருக்கிறது. சோடா நிலைமையை மோசமாக்கும். அதற்கு வினிகர் கொடுப்பதே முறை. ஆகவே, மாடு எதைத் தின்றது என்று விசாரிக்காமல் சோடாப் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டாம்.

சோடா கொடுத்த பின் அடர்தீவனத்தை நிறுத்தி, உலர்ந்த வைக்கோல் மட்டும் போடுங்கள். சில மணி நேரத்தில் அசை திரும்பாவிட்டால் மறுபடியும் சோடா கொடுக்காமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள். 1962 என்ற எண்ணில் நடமாடும் ஊர்தியும் கிடைக்கும். பிழைத்த மாடு சில வாரங்கள் கழித்து நொண்டினால், குளம்பையும் மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த அமிலத்தின் பாதிப்பு அங்கேயும் இறங்குவதுண்டு.