பள்ளிக்கு முற்பட்ட பருவமும் சட்டமும்

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31ஆம் பிரிவு, 40 விழுக்காட்டிற்குக் குறையாத ஊனமுடைய குழந்தைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமையை அளிக்கின்றது. ஆயினும், செவிப்புலன் குன்றிய குழந்தை மொழியைப் பெறவேண்டிய காலம் ஆறு வயதிற்கு முற்பட்டதாகும். இவ்விடைவெளியில் துணைபுரிவது 25ஆம் பிரிவு. குழந்தைகள் அனைவரையும் ஆண்டிற்கு ஒரு முறையேனும் பரிசோதித்தல் வேண்டும் என்று அது அரசிற்கும் உள்ளாட்சி அமைப்புகளுக்கும் கடமை விதிக்கின்றது.

2013இல் தொடங்கப்பெற்ற தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி, நடமாடும் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டிற்கு இருமுறை பரிசோதிக்கவேண்டும். குறைபாடு ஐயுறப்படும் குழந்தையை மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்திற்கு அனுப்பவேண்டும். ஓசை கேட்டுத் திரும்பாத குழந்தையைக் காணும் களப்பணியாளர், குழு வருமளவும் காத்திராமல் உடனே சுகாதார நிலையத்திற்கு அனுப்புதல் நன்று. அதற்கு ஊனச் சான்றிதழ் தேவையில்லை.