மலைச் சரிவுகளில் ஆர்க்கிட் வளர்ப்பு

ஆர்க்கிட் என்றதும் கண்ணாடி வீட்டில் பேணப்படும் செல்வர்களின் மலரே பலருக்கும் நினைவில் எழும். இக்கருத்து முற்றிலும் சரியன்று. சிக்கிம், மேகாலயம், அருணாசலப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் இயற்கையாக வளரும் சிம்பிடியம் இனங்கள் பல குளிரைத் தாங்குபவை. தாங்குவது மட்டுமன்று, குளிர்ந்த இரவுகள் இல்லையேல் அவை நன்கு பூப்பதில்லை. சமவெளியில் இலைகள் செழித்தாலும் மலர்கள் ஏமாற்றிவிடும். மலைப்பகுதியிலோ நிழல்வலை, நல்ல காற்றோட்டம், நீர் தேங்காத பட்டைத்தூள், இலைமட்குக் கலவை ஆகியவையே போதுமானவை.

ஆயினும், இம்மலைகளின் செல்வத்தால் முதலில் பயனடைந்தோர் வெளிநாட்டவரே. காசி மலைகளில் கிடைத்த சிம்பிடியம் எபர்னியத்தை லோவியானம் என்னும் இனத்துடன் இணைத்து, 1889 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வீச் நிறுவனத்தார் முதல் சிம்பிடியம் கலப்பினத்தைப் பெற்றனர்.

கலப்பினம் உண்டாக்கும் செயல் எளிது. ஒரு மலரின் மகரந்தத் திரளை மெல்லிய குச்சியால் எடுத்து மற்றொரு மலரின் சூல்முடியில் ஒட்டவேண்டும். அதன்பின் தேவைப்படுவது பொறுமை. காய் முற்றப் பல மாதங்கள் செல்லும். அதில் தூசு போன்ற விதைகள் இலட்சக்கணக்கில் இருப்பினும், அவற்றில் சேமித்த உணவு இல்லை. காட்டில் ஒருவகைப் பூஞ்சையின் துணையால்தான் அவை முளைக்கின்றன. சர்க்கரை கலந்த ஊட்டக் கூழில் பூஞ்சையின்றியே முளைக்க வைக்கலாம் என்பதை 1922 இல் லூயிஸ் நட்சன் காட்டினார். இவ்வாறு பெறும் நாற்றுகள் பூக்கப் பல ஆண்டுகள் ஆகும். ஒன்றைப்போல் மற்றொன்று இராது. ஆகவே சிறந்த செடியைத் தேர்ந்து, 1960 இல் ஜார்ஜ் மோரெல் வெளியிட்ட நுனித்திசு வளர்ப்பு முறையால் பெருக்குகின்றனர்.

திசு வளர்ப்புக் கன்றும் நட்டவுடன் பூத்துவிடாது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் காத்திருக்கவேண்டும். சிறு விவசாயிக்கு உண்மையான இடர்ப்பாடு இதுவே. முதல் ஆண்டிலேயே தவணை கேட்கும் கடன் அவருக்கு உதவாது. கன்று கிடைக்காத இடத்தில் காட்டுச் செடியைப் பறித்து விற்கும் ஆசையும் எழும். நீல வாண்டா போன்றவற்றைப் பறிப்பதை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. எனினும், மலிவான கன்றுகள் இல்லாத நிலையில் சட்டம் மட்டும் காட்டைக் காத்துவிடாது. சிக்கிமின் பாக்யோங்கில் 1996 இல் நிறுவப்பட்ட தேசிய ஆர்க்கிட் ஆராய்ச்சி மையத்தின் தொழில்நுட்பம் சிற்றூர் நாற்றங்கால்களைச் சென்றடைவது இதனால்தான் இன்றியமையாதது.

இடைக்காலத்தில், வளர்ந்த செடிகளின் பழைய குமிழ்த்தண்டுகளைப் பிரித்து நட்டுப் பெருக்கலாம். பெரிய ஏலக்காய் பயிரிடுவோர் அதனைக் கைவிடாது, நிலத்தின் ஒரு மூலையில் மட்டும் ஆர்க்கிட் வளர்ப்பைத் தொடங்குவது நன்று.