சுவடிக் கணக்கும் கணினித் தரவுத்தளமும்: லினக்ஸ் வழங்கி அமைத்தல் பற்றிய விளக்கம்

முன்னுரை

மாயூரம் எனவும் மாயவரம் எனவும் முன்னர் வழங்கிய மயிலாடுதுறை, தமிழ்ச் சுவடிக் கல்வியின் வரலாற்றில் தனியிடம் பெற்ற ஊராகும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் உ. வே. சாமிநாதையர் 1871ஆம் ஆண்டில் பாடங்கேட்கத் தொடங்கியது இவ்வூரிலேயாம். நூல்கள் ஏட்டிலிருந்து அச்சேறிய காலத்தில், எழுதுவோர் பிழையும் செல்லரிப்பும் பாடத்தைச் சிதைத்தமையை அறிஞர் நன்கறிவர். இன்று நூல்கள் கணினியில் ஏறுகின்றன. 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இத்துறையில் ஒரு முன்னோடி. கணினியிலும் பாடச்சிதைவு உண்டு. ஆயின் அது கண்ணுக்குப் புலப்படாமலே நிகழ்வது. காவிரிப் படுகையின் நிலக்கணக்கு, நெற்கணக்கு ஏடுகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அவற்றை லினக்ஸ் கணினியில் தரவுத்தளமாக அமைக்கும் முறையையும், அச்சிதைவைத் தவிர்க்கும் வழியையும் ஈண்டு விளக்குவாம்.

1. வழங்கியின் உறுப்புகள்

லினக்ஸ், லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட உட்கருவை அடிப்படையாகக் கொண்ட இயக்குதளமாகும். அதன் வழிவந்த டெபியன், உபுண்டு முதலிய தொகுப்புகள் கட்டணமின்றிக் கிடைப்பன. துறையிலுள்ள பழைய கணினியொன்றே தொடக்கத்திற்குப் போதும். அதில் நிறுவ வேண்டுவன மூன்று: படிப்போரின் வேண்டுகோளைப் பெற்றுப் பக்கத்தை அனுப்பும் வலைவழங்கி, பாடங்களைச் சேர்த்துவைக்கும் தரவுத்தளம், இவ்விரண்டையும் இணைக்கும் நிரல். வலைவழங்கியாக 1995 முதல் வழங்கிவரும் அப்பாச்சியையும், நிரல்மொழியாகப் பிஎச்பி அல்லது பைத்தானையும் கொள்ளலாம். இவற்றை நிறுவுதல் எளிது. தரவுத்தளத்தைத் தேர்தலே ஆராய்ந்து செய்யத்தக்கது.

2. குறி மறைதலும் பாடம் குறைதலும்

ஒருங்குறியில் தமிழெழுத்துகளுக்குரிய முதற்பகுதியின் ஒவ்வோரிடமும், யூடிஎஃப்-8 முறையில் 3 பைட்டு கொள்வது. கணக்கேடுகளில் பயிலும் கீழ்வாயிலக்கக் குறிகளும், உழக்கு, குறுணி, பதக்கு, குழி, வேலி, நன்செய், புன்செய் ஆகியவற்றின் குறிகளும் அப்பகுதியில் இல்லை. 2019இல் வெளிவந்த ஒருங்குறி 12ஆம் பதிப்பே இவையுள்ளிட்ட 51 குறிகளுக்குத் துணைப்பகுதியொன்றை வகுத்தது. அவை ஒவ்வொன்றும் 4 பைட்டு கொள்வன.

மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் யூடிஎஃப்8 என்னும் பெயரால் நெடுங்காலம் வழங்கியது, 3 பைட்டுக்கு மேல் ஏற்காத முறையாகும். கண்டிப்பு நிலை இயக்கப்படாத பழைய அமைப்பில், 4 பைட்டுக் குறி வந்தவுடன் அதுமுதல் அப்பதிவின் எஞ்சிய பகுதி முழுவதும் வெட்டுண்டுபோம். நில அளவைக் குறியை அடுத்துக் குடியானவர் பெயரும் நெல்லளவும் எழுதப்பெற்ற வரியாயின், அப்பெயரும் நெல்லும் ஒருங்கே மறையும். குறியில்லாத வரிகள் பழுதின்றி ஏறுதலின், மேலோட்டமாகச் சோதிப்பார்க்கு இக்குறை தோன்றாது. மைஎஸ்கியூஎல் 2010இல் 4 பைட்டு முறையைச் சேர்த்தது. 2018இல் வந்த 8ஆம் பதிப்பு அதனையே இயல்பாகக் கொண்டது. பழைய தளங்களைப் புதுப்பிப்போர் இதனைத் தனியே நோக்குதல் வேண்டும். போஸ்ட்கிரெஸ்கியூஎல் தளத்தின் யூடிஎஃப்8 முறைக்கு இக்குறை இல்லை.

3. தேடலும் அகரவரிசையும்

‘கொ’ என்னும் எழுத்தைக் ககரமும் ஒகரக் குறியொன்றுமாகவோ, ககரத்தோடு ஒற்றைக்கொம்பும் காலுமாகவோ சேமிக்கலாம். தோற்றம் ஒன்றே; சேமிப்பு வேறு. ஒன்றைத் தேடுவார்க்கு மற்றொன்று அகப்படாது. இதனை ஒழுங்குபடுத்தும் செயற்கூறு போஸ்ட்கிரெஸ்கியூஎல் 13ஆம் பதிப்பில் (2020) உளது. ஆயின் ஔகாரக் குறிக்கு மாறாக ஒற்றைக்கொம்பும் ளகரமும் இட்டெழுதிய பிழையை அச்செயற்கூறு திருத்தாது. அதனை மக்களே பார்த்துத் திருத்துதல் வேண்டும்.

ஒருங்குறியின் இட எண்ணை ஒட்டி அடுக்கினால் னகரம் பகரத்திற்கு முன்னும், றகரம் ரகரத்தை அடுத்தும், புள்ளியெழுத்து உயிர்மெய்க்குப் பின்னும் வரும். இவ்வரிசை தமிழ் மரபன்று. ஐசியு என்னும் நூலகத்தின் தமிழ் வரிசைமுறையை மேற்கொண்டால் மரபுவழி அகராதி வரிசை அமையும். போஸ்ட்கிரெஸ்கியூஎல் 2017 முதல் இதற்கு இடந்தருதலின், சொல்லடைவு செய்வார்க்கு அதுவே ஏற்றது என்பது எம் கருத்து.

4. அட்டவணை வகுத்தல்

சுவடி, ஏடு, வரி ஆகியவற்றுக்குத் தனித்தனி அட்டவணை வகுத்து, எண்ணால் தொடர்புபடுத்துக. ஏட்டில் உள்ளவாறே பாடம் ஒரு பத்தியிலும், தேடலுக்காக ஒழுங்குபடுத்திய பாடம் மற்றொரு பத்தியிலும் அமைதல் வேண்டும். மூலத்தைத் திருத்தி மூலமெனக் காட்டுதல் பதிப்பு நெறியன்று.

அளவைகளைத் தசம எண்ணாகப் பதிதல் கூடாது. 1 வேலிக்கு 20 மா, முந்திரி 1/320, கீழ்முந்திரி அதனினும் 320இல் ஒரு பங்கு, அதாவது 1/102400. கணினியின் இரும எண்முறை 1/20, 1/320 போன்ற பின்னங்களைச் சரியாகத் தாங்காது. பலவற்றைக் கூட்டுங்கால் சிறுபிழை திரளும். ஆகவே அளவை கீழ்முந்திரி எண்ணிக்கையாக முழுவெண்ணில் பதிக. மா 5120, காணி 1280, முந்திரி 320. இவ்வாறு பதியின் ஓர் ஊரின் மொத்த நிலம் ஏட்டுக் கணக்கோடு இம்மியும் பிசகாது ஒத்துவரும். ஒவ்வாதவிடத்துப் பிழை ஏட்டிலோ படியிலோ என ஆராயலாம்.

5. காவல்

தரவுத்தளத்தின் 5432ஆம் வாயிலை வெளியார்க்கு அடைத்து, வலைக்குரிய 80, 443 ஆகியவற்றை மட்டும் திறந்துவைக்க. நிரலுக்குப் படிக்கும் உரிமை மட்டும் போதும். மின்தடை நேரினும், மாற்றங்களை முன்னரே குறித்துவைக்கும் பதிவேட்டைக் கொண்டு போஸ்ட்கிரெஸ்கியூஎல் தன்னை மீட்டுக்கொள்ளும். வட்டே பழுதாயின் அதுவும் உதவாது. 2018 நவம்பரில் வீசிய கஜா புயல் டெல்டாப் பகுதியை எவ்வாறு நிலைகுலைத்தது என்பது யாவரும் அறிந்ததே. நாள்தோறும் எடுக்கும் படியொன்று வேற்றூரில் இருத்தல் இன்றியமையாதது. அப்படியிலிருந்து தளத்தை மீட்க இயலுமா என இடையிடையே செய்துபார்த்தலும் வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், வழங்கி அமைத்தல் பொறியியலார் பணியாக மட்டும் நில்லாது பதிப்பாசிரியர் பணியுமாம் என்பது போதரும். ஆயிரம் ஏடுகளை ஏற்றுமுன், வேலிக் குறியும் முந்திரிக் குறியும் இடையே வரும் வரியொன்றை ஏற்றி, திரும்ப எடுத்து, மூலத்தோடு ஒப்புநோக்குக. அவ்வொரு வரி முழுமையாக மீளாத தளத்தில் எஞ்சியவற்றை ஏற்றுதல் தகாது.