கடல் கடந்து வந்து பார்க்கிறார்கள்!

தூத்துக்குடிக்கு அருகே மாப்பிள்ளையூரணியில் குடியிருக்கும் என்னைப் போன்ற உபாத்தியாயருக்கு முத்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம் பெரியவர்கள் சொல்லக் கேட்டதுதான். இந்தக் கரையில் கடைசிச் சலாபம் நடந்தது 1961-ல். அப்போது நான் பிறக்கவில்லை. ஆயினும் அதைப் பற்றிக் கேட்ட ஒரு விஷயம் என் மனத்தை விட்டு அகலுவதில்லை. குளியாளிகள் கொண்டுவந்த சிப்பிகளை ஆயிரம் ஆயிரமாகக் குவித்து ஏலம் போடுவார்களாம். பிளக்காத சிப்பியைத்தான் ஏலத்தில் எடுக்க வேண்டும். உள்ளே ஆணிமுத்து இருக்கலாம். ஒன்றுமே இல்லாமலும் போகலாம். எது வந்தாலும் எடுத்தவர் பொறுப்பு.

வயிற்றில் பிள்ளையைச் சுமக்கும் தாயும் இப்படித்தான் அல்லவா? கண் இப்படி இருக்க வேண்டும், கால் அப்படி இருக்க வேண்டும் என்று அவள் நிபந்தனை போடுவதில்லை. பிறந்த பிள்ளையை வாரி எடுத்துக் கொள்கிறாள். தத்து எடுக்கப் போகும்போது மட்டும் நமக்கு நிபந்தனைகள் முளைத்து விடுகின்றன!

சென்ற கோடை விடுமுறையில் என் நண்பர் ஒருவரும் அவருடைய மனைவியும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். கலியாணமாகிப் பன்னிரண்டு வருஷம், குழந்தை இல்லை. தத்து எடுப்பதற்காகப் பெயரைப் பதிவு செய்திருந்தார்கள்.

"மூன்று வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டுமாம், அண்ணாச்சி. ஏதாவது குறையுள்ள குழந்தையென்றால் சீக்கிரம் கிடைக்குமாம். அதெல்லாம் வெள்ளைக்காரர்களுக்குத்தான் சரிப்படும்!" என்றார் நண்பர்.

அவர் மனைவி காப்பித் தம்ளரைக் கீழே வைத்தாள். "அப்படி ஒரு குழந்தையை நாம் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லையே!" என்று மெல்லச் சொன்னாள்.

அந்த ஒரு வார்த்தைதான் என்னை இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது. 'வெள்ளைக்காரர்கள்' என்று நண்பர் சொன்னாரே, அவர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று விசாரிக்கத் தொடங்கினேன்.

நம் நாட்டில் தத்துக் காரியங்களை மேற்பார்வையிடுவது 'காரா' என்று சுருக்கமாக அழைக்கப்படும் மத்திய தத்தெடுப்பு வள ஆணையம். 2015-ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டப்படி, பெற்றோரற்ற குழந்தைக்கு முதலில் இந்தியரிடையேதான் வீடு தேட வேண்டும். தத்துக் கொடுக்கலாம் என்று தீர்மானமான நாளிலிருந்து அறுபது நாளைக்குள் வீடு கிடைக்காவிட்டால்தான் வெளிநாட்டாருக்கு வழி திறக்கிறது. அப்படித் திறக்கும்போது அங்கஹீனமோ மனவளர்ச்சிக் குறைவோ உள்ள குழந்தைகளுக்கும், உடன்பிறப்புகளாக உள்ளவர்களுக்கும், ஐந்து வயதைத் தாண்டியவர்களுக்கும் முன்னுரிமை அளிக்கலாம் என்கிறது சட்டம். அதாவது, நாம் எடுக்கத் தயங்கும் குழந்தைகள்!

எங்கோ குளிர் தேசத்தில் வசிக்கும் தம்பதிகளுக்கு முதலில் குழந்தையைப் பற்றிய குறிப்புகளும் வைத்திய அறிக்கையும் போய்ச் சேருகின்றன. அந்த அறிக்கையைத் தங்களுக்கு நம்பிக்கையான டாக்டரிடம் காட்டிக் கேட்கலாம். சம்மதம் சொல்லுமுன் நேரில் வந்து குழந்தையைப் பார்க்கவும் செய்யலாம். அனுமதிப் பத்திரம் கிடைத்தபின், கடைசி உத்தரவு வரும் வரையில் இந்தியாவிலேயே குழந்தையைத் தங்களுடன் வைத்துக் கொள்ளலாம். முன்பு கோர்ட்டு பிறப்பித்து வந்த உத்தரவை 2022 செப்டம்பரிலிருந்து மாவட்ட கலெக்டர் பிறப்பிக்கிறார். ஊருக்கு அழைத்துப் போனதோடு காரியம் முடிந்து விடுவதில்லை. முதல் வருஷம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவையும், இரண்டாம் வருஷம் ஆறு மாதத்துக்கு ஒரு தடவையும் குழந்தையின் நிலைமை பற்றி இங்கே அறிக்கை வந்தாக வேண்டும்.

இவ்வளவு கட்டுக்காவல் எதற்கு? பட்டுத் தெரிந்த பாடம்தான். குழந்தையை முன்பின் பாராத குடும்பத்துக்கு, துணைக்கு ஓர் ஆளுடன் விமானம் ஏற்றி அனுப்பிய காலம் உண்டு. இந்த வியாபாரத்தில் நடக்கும் அக்கிரமங்களைப் பற்றி 1982-ல் லட்சுமிகாந்த் பாண்டே என்ற வக்கீல் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதையே வழக்காக ஏற்று, 1984-ல் நீதிபதி பகவதி விரிவான விதிகளை வகுத்தார். 1993-ல் உருவான ஹேக் உடன்படிக்கையை 2003-ல் இந்தியா ஏற்றது. அப்படியும், கடத்தப்பட்ட குழந்தைகள் தத்து என்ற பெயரில் கடல் கடந்த கதை 2005-ல் சென்னையில் வெளிவந்து நம்மைத் தலைகுனிய வைத்தது. கட்டுக்காவல் தளர்ந்தால் நஷ்டம் யாருக்கென்று சொல்ல வேண்டியதில்லை.

நேர்மையாக வந்து எடுத்தவர்களால் என்ன விளைந்தது என்பதற்கும் ஓர் உதாரணம் சொல்கிறேன். 1992-ல் ரஷ்யாவின் சைபீரியாவில் கால் எலும்புகள் சரியாக வளராத ஒரு பெண் குழந்தை பிறந்தது. அமெரிக்கர் ஒருவர் அவ்வளவு தூரம் சென்று, அநாதை விடுதியிலிருந்து அவளை அழைத்து வந்தார். ஒன்றரை வயதில் முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களையும் எடுக்க நேர்ந்தது. அந்தக் குழந்தைதான் ஜெசிக்கா லாங். 2004-ல், பன்னிரண்டாம் வயதில், ஏதென்ஸ் பாராலிம்பிக் நீச்சல் பந்தயங்களில் மூன்று தங்கப் பதக்கம் வென்றாள். வளர்ந்தபின், தன்னைப் பெற்றவர்களைப் பார்க்க அவளே சைபீரியாவுக்குப் பிரயாணம் போனாள். எல்லாக் குழந்தைகளும் பதக்கம் வாங்க வேண்டும் என்பதில்லை. 'தேறாது' என்று யாரையும் தொட்டிலிலேயே தீர்மானித்துவிடக் கூடாது என்பதுதான் விஷயம்.

ஆனால் வெளிநாட்டார் வந்து பார்த்துக் கொள்வார்கள் என்று நாம் நிம்மதியாக இருப்பதற்கில்லை. 2018-19-ல் நம் நாட்டில் 3,374 குழந்தைகள் உள்நாட்டிலும், 653 குழந்தைகள் வெளிநாட்டிலும் தத்துப் போனார்கள். 2024-25-ல் மொத்தம் 4,515 பேர். அவர்களில் 4,155 பேர் உள்நாட்டில். உள்நாட்டுக் கணக்கு உயர்ந்தது சந்தோஷமே. வெளிநாட்டுக் கணக்கோ 360-ஆகக் குறைந்து விட்டது. சீனா 2024-ல் வெளிநாட்டுத் தத்தை அநேகமாக நிறுத்தியே விட்டது. நெதர்லாந்து போன்ற தேசங்கள் வெளியிலிருந்து குழந்தை எடுப்பதைக் கைவிடத் தீர்மானித்திருக்கின்றன. கடல் கடந்து வருகிறவர்கள் குறையும்போது, இங்கே காத்திருக்கும் குழந்தையைப் பார்க்க யார் போவது?

சிதம்பரம் பிள்ளை 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட துறைமுகம் எங்களுடையது. கப்பல் நம்முடையதாக இருக்க வேண்டும் என்று அன்று கேட்டோம். குழந்தை மட்டும் நம்முடையது இல்லையா?

போய்ப் பார்ப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. பெண் பார்க்கப் போய், பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டு, "ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்" என்று எழுந்து வரும் வழக்கம் நமக்கு நன்றாகத் தெரியும். குழந்தையிடம் அது கூடாது. பத்துக் குழந்தைகளை வரிசையாக நிறுத்திப் பொறுக்கச் சட்டமும் இடம் கொடாது. பதிவு செய்து, குறிப்பைப் படித்து, டாக்டரைக் கேட்டு, மனம் ஒருமித்த பிறகு அந்த ஒரு குழந்தையைப் பார்க்கப் போக வேண்டும். உடனே தூக்கிக் கொஞ்சாமல், பக்கத்தில் தரையில் உட்கார்ந்தால் போதும், அதுவாக வரும். வளர்த்த ஆயாவிடம் எந்தப் பக்கம் படுத்தால் தூங்கும், எதைக் கண்டால் பயப்படும் என்று கேட்க வேண்டும். வைத்திய அறிக்கை குறையைச் சொல்லும், குழந்தையைச் சொல்லாது. அதற்குத்தான் நேரில் போவது.

நேற்று மாலை நண்பரின் மனைவி மட்டும் வந்தாள். கையில் ஒரு துண்டுக் காகிதம். அதில் ஒரு வைத்திய வார்த்தை.

"இதற்கு என்ன அர்த்தம், அண்ணாச்சி?"

"வளைந்த பாதம், அம்மா. சிறு வயதிலேயே வாராவாரம் மாவுக்கட்டு மாற்றிப் போட்டுப் பெரும்பாலும் சரிப்படுத்தி விடுகிறார்கள். எதற்கும் எலும்பு டாக்டர் ஒருவரைக் கேட்டுக் கொள்ளுங்கள்."

"கேட்டாகிவிட்டது. அவரும் அதைத்தான் சொன்னார்" என்றாள். காகிதத்தை நாலாக மடித்து முந்தானையில் முடிந்து கொண்டாள்.

"அவர் என்ன சொல்கிறார்?" என்று கேட்டேன்.

"ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸுக்கு இரண்டு டிக்கெட் வாங்கி வந்திருக்கிறார்" என்றாள்.