ஹோமோன் குளிசை இதயத்தைக் காக்குமா?

முருங்கன் பக்கத்து வயற்கிராமங்களில் ஐம்பது வயதுப் பெண்ணுக்குத் திடீரென உடம்பு கொதித்து வியர்த்தால், 'வயசு அப்படி' என்று விட்டுவிடுகிறோம். நெஞ்சு கனத்தால் 'வாய்வு' என்கிறோம். இரண்டையுமே அப்படி விடக்கூடாது. மாதவிடாய் நின்றபின் ஈஸ்திரஜன் சுரப்பு குறைகிறது. உடம்பில் வெக்கை எழுகிறது, எலும்பு தேய்கிறது, இரத்தத்தில் எல்.டி.எல் கொலஸ்ட்ரோலும் கூடுகிறது. குறைந்த ஹோமோனைக் குளிசையாகக் கொடுத்தால் இதயமும் தப்புமா?

கொலஸ்ட்ரோல் கெடும் விதம்

கொலஸ்ட்ரோலைச் சுமந்து செல்லும் எல்.டி.எல் துணிக்கைகள் அளவு மிஞ்சும்போது நாடிச் சுவருக்குள் புகுந்து தங்குகின்றன. அங்கே அவற்றின் கொழுப்பு ஒட்சியேற்றம் அடைகிறது. போத்தலில் நாள்பட்ட நல்லெண்ணெய் காறிப்போவதும் இதே இரசாயனம்தான். கெட்ட துணிக்கைகளை விழுங்கும் வெண்குருதிக் கலங்கள் கொழுப்பேறி நாடிச் சுவரிலேயே தேங்கிவிடுகின்றன. அந்தப் படிவு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து அடைத்தால் மாரடைப்பு. இந்த விளக்கத்தை 1989இல் அமெரிக்க ஆய்வாளர் டானியல் ஸ்டைன்பேர்க்கும் குழுவினரும் விரிவாக முன்வைத்தனர்.

ஈஸ்திரஜனின் மூலக்கூற்றிலுள்ள பீனோல் வளையத்துக்கு ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் தன்மை உண்டு. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இந்த ஹோமோனைக் கொடுத்தபோது எல்.டி.எல் ஒட்சியேற்றம் தாமதமாவதாக 1994இல் 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வு வெளியானது. இதயத்துக்கு ஒரு காவல் கிடைத்துவிட்டதென்றே பலரும் நம்பினர்.

பெரிய ஆய்வுகள் சொன்ன பதில்

1998இல் வெளியான 'ஹேர்ஸ்' ஆய்வில் ஏற்கெனவே இதயநோய் உள்ள 2,763 பெண்கள் பங்கேற்றனர். ஹோமோன் எடுத்தவர்களின் எல்.டி.எல் தெளிவாகக் குறைந்தது, மாரடைப்போ குறையவில்லை. அடுத்தது, அமெரிக்காவின் 'பெண்கள் நல முனைப்பு' ஆய்வு. ஈஸ்திரஜனையும் புரோஜெஸ்தின் வகை ஹோமோனையும் சேர்த்துக் கொடுப்பதை 50 முதல் 79 வயது வரையான 16,608 பெண்களில் ஆராய்ந்த அதன் பகுதி 2002 யூலையில் இடைநடுவில் நிறுத்தப்பட்டது. ஆண்டொன்றில் 10,000 பெண்களுக்கு இதய நோய் 7 பேரிலும், பக்கவாதம் 8 பேரிலும், மார்பகப் புற்றுநோய் 8 பேரிலும் மேலதிகமாகக் காணப்பட்டன. இடுப்பெலும்பு முறிவு 5 குறைந்தது.

கொலஸ்ட்ரோல் சீரானபோதும் இதயம் ஏன் காக்கப்படவில்லை? வாயால் விழுங்கும் ஈஸ்திரஜன் முதலில் ஈரலைக் கடக்கிறது. இரத்தத்தை உறையச் செய்யும் புரதங்களை அங்கே கூட்டுகிறது. தோலில் ஒட்டும் பட்டியில் இந்தத் தாக்கம் குறைவு. வயதும் முக்கியம். 'பெண்கள் நல முனைப்பு' ஆய்வின் அந்தப் பகுதியில் பங்கேற்றோரின் சராசரி வயது 63. பலரின் நாடிகளில் அதற்குள் படிவு இறங்கியிருக்கக்கூடும். 2016இல் வெளியான 'எலைட்' ஆய்வும் வயதின் பங்கை உணர்த்தியது. மாதவிடாய் நின்று ஆறாண்டுக்குள் ஈஸ்திரஜன் தொடங்கியோரின் கழுத்து நாடிச் சுவர் தடிப்பது மெதுவானது. பத்தாண்டு கடந்து தொடங்கியோருக்கு அந்தப் பயன் கிட்டவில்லை.

யாருக்கு உதவும்?

இதயத்தைக் காக்கவென்று மட்டும் இந்தச் சிகிச்சையைத் தொடங்கக்கூடாது. அதற்காக இதைக் கண்டு அஞ்சவும் தேவையில்லை. தூக்கத்தைக் கெடுக்கும் வெக்கைக்கு இதைவிடப் பலன் தரும் மருந்து இல்லை. 60 வயதுக்குட்பட்டவர்களுக்கும், மாதவிடாய் நின்று பத்தாண்டாகாதவர்களுக்கும் பொதுவாக நன்மையே மிகுதி. சூலகங்கள் அகற்றப்பட்டோ, 40 வயதுக்கு முன்போ மாதவிடாய் நின்றவர்கள் இதுபற்றிக் கட்டாயம் வைத்தியரிடம் பேச வேண்டும். மார்பகப் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், இரத்த உறைவு வந்தவர்களுக்கும், காரணம் தெரியாத இரத்தப்போக்கு உள்ளவர்களுக்கும் இது பொதுவாக ஏற்றதல்ல. கருப்பை உள்ளவர்கள் ஈஸ்திரஜனைத் தனியாக எடுக்கக்கூடாது. கருப்பைப் புற்றுநோய் அபாயம் கூடும்.

இதயத்துக்கான வழி வேறு. பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல் மூன்றையும் சோதித்து, கூடியிருந்தால் வைத்தியர் தரும் குளிசையை நிறுத்தாமல் எடுக்க வேண்டும். இலங்கையில் 1996 முதல் சுகவனிதையர் கிளினிக்குகள் நடக்கின்றன. 35 வயது கடந்த பெண்களுக்குப் பிரஷரும் சீனியும் பார்க்கிறார்கள், மார்பகத்தையும் கருப்பைக் கழுத்தையும் பரிசோதிக்கிறார்கள். கிளினிக் நாளைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள்; கொலஸ்ட்ரோல் சோதனை எங்கே செய்யலாம் என்பதையும் விசாரியுங்கள். பெண்களுக்கு மாரடைப்பு மூச்சுத்திணறலாகவோ, வாந்தியாகவோ, தாடை நோவாகவோ, காரணமில்லாத களைப்பாகவோ வரலாம். அப்படியானால் கைவைத்தியம் பார்த்து நேரத்தைக் கடத்தாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.