அழித்தும் போகாத ஃபைல்

லினக்ஸ் சர்வரில் டிஸ்க் நிரம்பி, டேட்டாபேஸ் எழுத இடமில்லாமல் நின்றுபோகிறது. நிர்வாகி உள்ளே போய்ப் பார்த்தால், ஏதோ ஒரு புரோகிராம் தன் லாக் ஃபைலை 40 ஜிபிக்கு ஊதி வைத்திருக்கிறது. 'ஆர்எம்' கட்டளை கொடுத்து அழிக்கிறார். பட்டியலில் இப்போது அந்த ஃபைல் இல்லை. ஆனால் காலியிடம் துளிகூடக் கூடவில்லை! டைரக்டரிகளைக் கூட்டிப்பார்க்கும் 'டியூ' கட்டளை இடம் இருக்கிறது என்கிறது. டிஸ்க்கின் கணக்கைச் சொல்லும் 'டிஎஃப்' இல்லை என்கிறது. லினக்ஸுக்குப் புதியவர் டிஸ்க்கே பழுது என்று முடிவுகட்டிவிடுவார்.

உண்மையில் இரண்டு கணக்கும் சரிதான். லினக்ஸில் ஃபைல் வேறு, அதன் பெயர் வேறு. ஒவ்வொரு ஃபைலுக்கும் 'ஐநோட்' என்றொரு பதிவு உண்டு. யாருடையது, யார் படிக்கலாம், எவ்வளவு பெரிது, தகவல் டிஸ்க்கில் எங்கெங்கே கிடக்கிறது எல்லாம் அதில் இருக்கும். பெயர் மட்டும் இருக்காது. இந்தப் பெயருக்கு இந்த ஐநோட் எண் என்று குறித்துவைப்பது டைரக்டரியின் வேலை. பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸ் இயங்குதளத்துக்காகச் செய்த ஏற்பாடு இது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸும் இதே வழியில் போனது.

'ஆர்எம்' அழிப்பது பெயரைத்தான். ஐநோட்டைச் சுட்டும் பெயர் ஒன்றுகூட இல்லை, எந்தப் புரோகிராமும் அதைத் திறந்து வைத்திருக்கவில்லை என்ற நிலை வந்த பிறகே லினக்ஸின் மையமான கெர்னல் இடத்தை விடுவிக்கும். நம் லாக் ஃபைலில் அந்தப் புரோகிராம் இன்னமும் எழுதிக்கொண்டே இருக்கிறது. 'எல்எஸ்ஓஎஃப்' கட்டளையைக் கொடுத்தால் 'அழிக்கப்பட்டது' என்ற குறிப்போடு ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் 40 ஜிபியும் திரும்பிவிடும். முதலிலேயே ஃபைலை அழிக்காமல் அதன் உள்ளடக்கத்தை மட்டும் காலிசெய்திருந்தால் இந்த அலைச்சல் இல்லை. இன்னொன்று: முக்கியமான ஃபைலைத் தவறுதலாக அழித்துவிட்டால், அதைத் திறந்து வைத்திருக்கும் புரோகிராமை அவசரப்பட்டு நிறுத்திவிடக் கூடாது. அது ஓடும்வரை 'ப்ராக்' டைரக்டரி வழியாக ஃபைலை நகலெடுக்க வாய்ப்பிருக்கிறது.

ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸில் மென்பொருளைப் புதுப்பிக்க முடிவதும் இதனால்தான். பழைய லைப்ரரியின் பெயரில் புது ஃபைல் வந்து உட்காரும். ஏற்கெனவே ஓடும் புரோகிராம்கள் பெயரிழந்த பழையதையே பிடித்துக்கொண்டு தடங்கலின்றி ஓடும். வசதிதான், ஆனால் ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. 2014 ஏப்ரலில் ஓபன்எஸ்எஸ்எல் லைப்ரரியில் 'ஹார்ட்பிளீட்' ஓட்டை வெளிப்பட்டபோது, புதிய பதிப்பை நிறுவினால் மட்டும் போதவில்லை. ரீஸ்டார்ட் செய்யாத வெப் சர்வரின் நினைவகத்தில் ஓட்டையுள்ள பழைய லைப்ரரியே இருந்தது. டெபியன், உபுண்டு இரண்டிலும் 'நீட்ரீஸ்டார்ட்' என்ற கருவி கிடைக்கிறது. அப்டேட் முடிந்ததும், இன்னும் பழையதைப் பிடித்துக்கொண்டிருக்கும் சர்வீஸ்கள் எவையெவை என்று அது பட்டியல் போடும். அதைப் படிக்காமலே என்டர் தட்டிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.